ஓஎஸ் மாற்றிய பிறகு கணினி திக்குகிறதா? தாமதத்தின் வேரைத் தேடிப் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஓஎஸ்ஸை, அதாவது கணினியின் இயங்குதளத்தை, மேம்படுத்திய மறுநாள் ஒரு குரல் பதிவை எடுத்து எடிட் செய்ய உட்கார்ந்தேன். ஹெட்போனில் 'டிக்' என்று சின்னதாக ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'ஆ' என்று நீளும் ஓர் ஒலியின் நடுவில், ஒரே சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்த கோடு சட்டென்று அறுந்து, நூல் பிடித்தாற்போல் நேராக ஓடி, அப்புறம் வேறோர் உயரத்தில் மறுபடி தொடங்கியிருந்தது. அந்த இடைவெளி 4 மில்லி விநாடிதான். கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை, காது மட்டும் விடாது.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சிபியு 6 சதவீதம், நினைவகம் பாதிக்கு மேல் காலி, டிஸ்க் சும்மா இருக்கிறது. எல்லாம் நலம் என்கிறது திரை. இந்தக் கோளாறின் குணமே இதுதான். சராசரியைப் பார்த்தால் எதுவும் தெரியாது. ஒரு நிமிடத்துக்கு 60,000 மில்லி விநாடி, அதில் நான்கே நான்கு கெட்டுப்போனால் போதும், பதிவு பாழ். ஆகவே தாமதத்தைத் தேடும்போது உச்ச அளவைத்தான் பார்க்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒன்றைச் சுற்றித்தான் நகர்கிறது.

பெரும்பாலும் விண்டோஸ் 10-இலிருந்து 11-க்குப் போனவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால் பழைய கணினிகள் நிறைய 11-க்கு மாறியிருக்கின்றன. லினக்ஸ்காரர்களுக்கும் பிற்பகுதியில் ஒரு பத்தி உண்டு.

எதையும் தொடும் முன் தேதியைப் பாருங்கள்

மேம்படுத்திய நாளிலிருந்து 10 நாள் வரை பழைய ஓஎஸ்ஸுக்குத் திரும்பும் வழி திறந்திருக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி என்று போனால் 'கோ பேக்' பொத்தான் தெரியும். பழைய கோப்புகள் சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்டு' என்ற ஃபோல்டரில் இருக்கின்றன. இடம் போதவில்லை என்று டிஸ்க் கிளீனப் ஓட்டி அதை அழித்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். கோளாறைக் கண்டுபிடிக்கும் வரை அதில் கை வைக்காதீர்கள். 'டிஸ்ம்' கட்டளை தெரிந்தவர்கள், 10 நாள் முடிவதற்கு முன்பே, இந்தக் கெடுவை 60 நாள் வரை நீட்டிக்கொள்ளலாம். இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. இரண்டு வாரம் போராடிப் பார்த்துவிட்டு 'சரி, பழையதுக்கே போய்விடலாம்' என்று வருகிறவர்களுக்கு அந்தப் பொத்தான் இருப்பதில்லை.

கூடவே முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, ஒரு ரீஸ்டோர் பாயின்ட்டும் உருவாக்கிக்கொள்ளுங்கள். வன்பொருளை ஓஎஸ்ஸோடு பேசவைக்கும் மென்பொருள்களான டிரைவர்களோடு விளையாடப் போகிறோம்.

முதல் நாள் அளக்காதீர்கள்

மேம்படுத்தி முடித்த கணினி உள்ளுக்குள் வேலையாக இருக்கும். தேடல் அட்டவணையை மறுபடி கட்டும், விண்டோஸின் ஆன்ட்டிவைரஸான டிஃபெண்டர் எல்லாக் கோப்புகளையும் மேயும், அப்டேட் பகுதி பின்னணியில் டிரைவர்களை இறக்கும், ஒன்டிரைவ் இருந்தால் அதுவும் ஒத்திசைக்கும். இந்த நேரத்தில் எடுக்கும் அளவு எதற்கும் உதவாது. சார்ஜரைச் செருகி, தூக்க நிலைக்குப் போகாதபடி அமைத்து, ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள். அப்டேட் பகுதியில் 'எல்லாம் முடிந்தது' என்று வரும்வரை அப்டேட் செய்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுங்கள்.

ரீஸ்டார்ட் என்பதை அழுத்திச் சொல்கிறேன். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால் ஓஎஸ்ஸின் மையப் பகுதியான கெர்னலும் டிரைவர்களும் உறங்கவைக்கப்பட்டு டிஸ்க்கில் சேமிக்கப்படுகின்றன. அடுத்த முறை அதே நிலையிலிருந்து எழுகின்றன. டிரைவரை மாற்றிவிட்டு ஷட் டவுன் செய்து திறந்து, 'ஒன்றும் மாறவில்லையே' என்று குழம்புகிறவர்கள் பலர். ரீஸ்டார்ட்தான் உண்மையில் புதிதாகத் தொடங்கும்.

எந்தத் தாமதம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

'கணினி லேகாகிறது' என்ற ஒரே புகாருக்குள் நான்கைந்து நோய்கள் ஒளிந்திருக்கின்றன. ஒலி வெடிக்கிறதா, மவுஸ் அம்பு அவ்வப்போது ஒரு கணம் நின்று குதிக்கிறதா, தட்டச்சு செய்த எழுத்து பிந்தி வருகிறதா, விளையாட்டில் காட்சி திக்குகிறதா, அல்லது ஆன்லைன் அழைப்பில் மட்டும்தான் தொல்லையா?

கடைசியாகச் சொன்னது மட்டும் என்றால் முதலில் ரவுட்டருக்கு பிங் (விடை வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் சோதனை) அனுப்பிப் பாருங்கள். கேபிளில் இணைத்த கணினிக்கு விடை 1 மில்லி விநாடியை ஒட்டியே சீராக வர வேண்டும். அது சீராக இருந்து, வெளி இணையத்துக்குப் போகும் பிங் மட்டும் எகிறினால் குற்றம் உங்கள் கணினியில் இல்லை. ஒரே ஒரு செயலியில் மட்டும் தாமதம் என்றால், அதிலும் அதைச் சிறிதாக்கி வைத்திருக்கும்போது மட்டும் என்றால், அது வேறு கதை. விண்டோஸின் கடிகாரத் துடிப்பு இயல்பாக 15.6 மில்லி விநாடிக்கு ஒரு முறை. வேகமான துடிப்பு வேண்டும் என்று செயலிகள் கேட்டு வாங்கலாம். விண்டோஸ் 11-இல், சன்னல் முழுவதும் மறைந்திருந்து ஒலியும் எழுப்பாத செயலிக்கு அந்த வேகம் உறுதி இல்லை. 10-இல் ஒழுங்காக ஓடிய பழைய மென்பொருள் 11-இல் பின்னணிக்குப் போனதும் தடுமாறினால் இதைச் சந்தேகிக்கலாம். அந்த மென்பொருளின் புதிய பதிப்பைத் தேடுவதுதான் வழி.

ஒலி, மவுஸ், காட்சி மூன்றும் சேர்ந்து ஒரே கணத்தில் திக்கினால் கோளாறு கெர்னல் மட்டத்தில் இருக்கிறது. இனி வருவதெல்லாம் அதைப் பற்றித்தான்.

உள்ளே என்ன நடக்கிறது

நீங்கள் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள், போன் மணி அடிக்கிறது. பேனாவை வைத்துவிட்டு எடுத்து, 'யார், என்ன விஷயம்' என்று குறித்துக்கொண்டு, 'கொஞ்சத்தில் கூப்பிடுகிறேன்' என்று வைக்கிறீர்கள். அப்புறம் நிதானமாக அழைத்துப் பேசுகிறீர்கள். வன்பொருள் ஒவ்வொன்றும் சிபியுவை இப்படித்தான் கூப்பிடுகிறது. மணி அடிப்பது இன்டரப்ட். குறித்துக்கொள்ளும் அந்தச் சின்ன வேலை ஐஎஸ்ஆர். பின்னால் பேசும் நீளமான வேலை டிபிசி.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், ஒரு சிபியு கோரில் டிபிசி ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கோரில் எந்தச் செயலியும் ஓட முடியாது. எவ்வளவு முன்னுரிமை கொடுத்த ஒலிச் செயலியானாலும் காத்திருக்கத்தான் வேண்டும். மைக்ரோசாஃப்ட் டிரைவர் எழுதுகிறவர்களுக்குச் சொல்லியிருக்கும் வரம்பு, ஐஎஸ்ஆர் 25 மைக்ரோ விநாடிக்குள், டிபிசி 100 மைக்ரோ விநாடிக்குள் முடிய வேண்டும் என்பது. நடைமுறையில் பல டிரைவர்கள் இதைத் தாண்டுகின்றன. சும்மா 200, 300 என்று போனால் யாரும் கவனிப்பதில்லை. 2000, 4000 என்று போகும்போதுதான் காதில் 'டிக்'.

ஏன் இந்த எண்கள்? ஒலிக் கருவியின் பஃபர், அதாவது ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்துவைக்கும் இடம், 128 சாம்பிள், வேகம் விநாடிக்கு 48,000 சாம்பிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பஃபருக்கு 2.67 மில்லி விநாடி. அதற்குள் அடுத்த துண்டு ஒலி தயாராக வேண்டும். உங்கள் எஃபெக்டுகளுக்கே 1.5 மில்லி விநாடி போகிறது என்றால் மிச்சம் இருப்பது 1.17. அந்த நேரம் பார்த்து ஒரு டிரைவர் 1.2 மில்லி விநாடி சிபியுவைப் பிடித்துக்கொண்டால் கதை முடிந்தது. பஃபரை 512 ஆக்கினால் 10.67 மில்லி விநாடி கிடைக்கும், வெடிப்பு மறையும். ஆனால் அது வலிக்கு மாத்திரை போட்டுக்கொள்வது மாதிரி. நேரடியாகப் பாடிப் பதிவு செய்கிறவருக்குத் தன் குரலே பிந்திக் கேட்கும்.

அளப்பது எப்படி

டாஸ்க் மேனேஜரில் 'சிஸ்டம் இன்டரப்ட்ஸ்' என்ற வரியை ஒரு பார்வை பாருங்கள். பெரும்பாலும் அது 1 சதவீதத்துக்குள்தான் இருக்கும். அது 5, 10 என்று நின்றால் ஏதோ ஒரு வன்பொருள் ஓயாமல் மணி அடித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அது சாதாரணமாக இருந்தால் மட்டும் கணினி சுத்தம் என்று ஆகிவிடாது, சராசரியின் மோசடி இங்கேயும் உண்டு.

சரியான கருவி லேட்டன்சிமான். வீட்டு உபயோகத்துக்கு இலவசப் பதிப்பு இருக்கிறது. ஓட்டும் முறை முக்கியம். மடிக்கணினியாக இருந்தால் சார்ஜரில் போட்டு ஒரு முறை, பேட்டரியில் ஒரு முறை. தொடக்கப் பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். எந்த வேலையில் திக்குகிறதோ அதையே செய்யுங்கள். பதிவு செய்யும்போது திக்கினால் பதிவு செய்யுங்கள், காணொளி பார்க்கும்போது என்றால் அதைப் பாருங்கள். குறைந்தது 15 நிமிடம் ஓட வேண்டும். இரண்டு நிமிடம் ஓட்டி 'பச்சையாகத்தான் இருக்கிறது' என்று நிறுத்துவதில் பயனில்லை, சில கோளாறுகள் பத்து நிமிடத்துக்கு ஒரு முறைதான் தலைகாட்டும்.

நிறுத்திய பிறகு 'டிரைவர்ஸ்' பகுதிக்குப் போய், உச்ச ஓட்ட நேரத்தைக் காட்டும் பத்தியின் தலைப்பைச் சொடுக்கி, பெரியது மேலே வரும்படி வரிசைப்படுத்துங்கள். ஓர் எச்சரிக்கை. அந்தப் பட்டியல் மில்லி விநாடியில் இருக்கும், 'ஸ்டாட்ஸ்' பகுதியின் அறிக்கையோ மைக்ரோ விநாடியில் இருக்கும். பட்டியலின் 0.85-ம் அறிக்கையின் 850-ம் ஒன்றேதான். 'ஸ்டாட்ஸ்' பகுதியின் எழுத்து முழுவதையும் நகலெடுத்து, தேதி போட்டு ஒரு கோப்பில் சேமியுங்கள். இதுதான் உங்கள் முதல் அளவு. பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு, எத்தனை மணிக்கு எத்தனை முறை 'டிக்' கேட்டது என்றும் குறித்து வையுங்கள்.

என் விஷயத்தில் துப்பு கிடைத்ததே அந்தக் குறிப்பிலிருந்துதான். வெடிப்புகள் கண்டபடி வருவதாகத்தான் நினைத்திருந்தேன். நேரங்களை வரிசையாக எழுதிப் பார்த்தபோது ஒவ்வொன்றுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரே இடைவெளி. ஒழுங்கான இடைவெளியில் வரும் தாமதம் என்றால், ஏதோ ஒன்று குறித்த நேரத்துக்கு ஒரு முறை எதையோ சரிபார்க்கிறது என்று பொருள். பேட்டரி அளவைக் கேட்பது, வைஃபை அக்கம்பக்க நெட்வொர்க்குகளைத் துழாவுவது, வெப்பம் காட்டும் மென்பொருள், விளக்கு வண்ணம் மாற்றும் மென்பொருள் எல்லாம் இந்த வகை. சன்னலை இழுக்கும்போது மட்டும் திக்கினால் கிராபிக்ஸ். மவுஸை வேகமாக ஆட்டும்போது என்றால் யுஎஸ்பி பக்கம். பெரிய கோப்பைத் திறக்கும்போது என்றால் டிஸ்க்.

பட்டியலில் வரும் பெயர்களைப் படிப்பது

பலர் வழிதவறும் இடம் இது. பட்டியலின் உச்சியில் இருக்கும் பெயரைப் பார்த்துவிட்டு அதுதான் குற்றவாளி என்று முடிவு கட்டுகிறார்கள். அங்கே அடிக்கடி வரும் பெயர்களில் பாதி மைக்ரோசாஃப்டின் பொதுக் கோப்புகள். மற்ற டிரைவர்கள் அவற்றின் வழியாகத்தான் வேலை செய்கின்றன. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

'என்டிஐஎஸ்' என்று வந்தால் அது நெட்வொர்க்கின் பொதுக் கோப்பு. எய்தவன் வைஃபை அல்லது ஈதர்நெட் கார்டின் டிரைவர். சில சமயம் பழைய விபிஎன்னோ, நீக்கிவிட்ட ஆன்ட்டிவைரஸோ விட்டுப்போன வடிகட்டியாகவும் இருக்கும். நெட்வொர்க் கார்டின் பிராபர்ட்டீஸைத் திறந்தால் ஒரு பட்டியல் வரும். எப்போதோ நீக்கிய மென்பொருளின் பெயர் அங்கே இன்னும் டிக் அடித்து நின்றால், டிக்கை எடுத்துவிட்டு அளந்து பாருங்கள். அந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவி இருந்தால் அதை ஓட்டுங்கள்.

'டபிள்யூடிஎஃப்01000' இன்னும் பொதுவானது. யுஎஸ்பி, டச்பேட், புளூடூத் என்று எதன் டிரைவரும் இதன் பின்னால் இருக்கலாம். இந்தப் பெயர் மட்டும் வந்தால் அடுத்த பகுதியில் சொல்லும் விலக்கிப் பார்க்கும் முறைதான் கைகொடுக்கும்.

'டிஎக்ஸ்ஜிகேஆர்என்எல்' என்றால் காட்சிப் பகுதி. கிராபிக்ஸ் கார்டின் டிரைவரைப் பாருங்கள். என்விடியா கார்டாக இருந்தால் என்வி என்று தொடங்கும் அதன் சொந்தப் பெயரும் பக்கத்திலேயே வரும். 'ஸ்டோர்போர்ட்' என்றால் டிஸ்க் பக்கம், அதாவது ஸ்டோரேஜ் டிரைவர் அல்லது எஸ்எஸ்டியின் ஃபர்ம்வேர்.

'ஏசிபிஐ' தனி ரகம். மின்சாரம், பேட்டரி, விசிறி, வெப்பம் இவற்றைப் பற்றி ஓஎஸ்ஸும், மதர்போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸும் பேசிக்கொள்ளும் வழி அது. மடிக்கணினியில் இது உச்சியில் வந்தால் டிவைஸ் மேனேஜரில் 'பேட்டரீஸ்' பிரிவைத் திறந்து, 'ஏசிபிஐ கம்ப்ளையன்ட் கன்ட்ரோல் மெத்தட் பேட்டரி' என்பதைத் தற்காலிகமாக டிஸேபிள் செய்து அளந்து பாருங்கள். தாமதம் போய்விட்டால் பேட்டரியின் அளவைக் கேட்கும் வேலைதான் சிபியுவைப் பிடித்துவைக்கிறது. இதற்கு மருந்து பெரும்பாலும் பயாஸ் அப்டேட்டில்தான் இருக்கும். சோதனை முடிந்ததும் பேட்டரியை மறுபடி எனேபிள் செய்ய மறக்காதீர்கள், இல்லாவிட்டால் எத்தனை சதவீதம் சார்ஜ் இருக்கிறது என்றே திரையில் தெரியாது.

ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பது

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றி, கோளாறு தீர்ந்துவிட்டால் சந்தோஷமாக இருக்கும். ஆனால் எதனால் தீர்ந்தது என்று தெரியாது. அடுத்த அப்டேட்டில் திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து.

முதலில் வெளிக் கருவிகளைக் கழற்றுங்கள். கீபோர்டு, மவுஸ் தவிர ஹப், வெளி டிஸ்க், கேமரா, பிரிண்டர் எல்லாவற்றையும். அளங்கள். அப்புறம் டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டை டிஸேபிள் செய்து அளங்கள். விமானப் பயன்முறையைப் போட்டால் போதாதா என்று தோன்றும், போதாது. அது ரேடியோவைத்தான் அணைக்கிறது, டிரைவர் நினைவகத்தில் அப்படியே இருக்கிறது. அடுத்தது புளூடூத். அடுத்தது நீங்கள் பயன்படுத்தாத ஒலிக் கருவிகள். கிராபிக்ஸ் கார்டோடு வரும் எச்டிஎம்ஐ ஒலிக் கருவியை நிறையப் பேர் வாழ்நாளில் ஒரு முறைகூடப் பயன்படுத்துவதில்லை. மேம்படுத்தும்போது அது தானாக எனேபிள் ஆகி நிற்கும்.

டிஸ்க் கன்ட்ரோலரையும், ப்ராசஸர் என்று இருப்பதையும், கிராபிக்ஸ் கார்டையும் டிஸேபிள் செய்து பார்க்க வேண்டாம். முதல் இரண்டில் கணினி எழும்பாமலே போகலாம்.

என் கணினியில் வைஃபை கார்டை டிஸேபிள் செய்ததும் 4 மில்லி விநாடியைத் தொட்டுக்கொண்டிருந்த உச்சம் அரை மில்லி விநாடிக்குக் கீழே இறங்கியது. மறுபடி எனேபிள் செய்தேன், ஏறியது. இப்படி இரண்டு முறை ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகுதான் நம்பினேன். ஒரு முறை மட்டும் பார்த்து நம்பக் கூடாது.

வன்பொருள் எதை விலக்கியும் பயனில்லை என்றால் மென்பொருள் பக்கம் வாருங்கள். எம்எஸ்கான்ஃபிக் திறந்து, சர்வீசஸ் பகுதியில் மைக்ரோசாஃப்டின் சேவைகளை மறைத்துவிட்டு மற்றவற்றை நிறுத்தி ரீஸ்டார்ட் செய்யுங்கள். தீர்ந்துவிட்டால் பாதிப் பாதியாகத் திரும்பத் தொடங்கிப் பாருங்கள். 20 சேவைகள் இருந்தாலும் நான்கைந்து முறையில் ஆள் அகப்படுவார்.

டிரைவரைச் சரிசெய்வது

மேம்படுத்தும்போது, கணினி தயாரித்தவர் அந்த மாடலுக்கென்று கொடுத்த டிரைவரை எடுத்துவிட்டுப் பொதுவான ஒன்றை ஓஎஸ் போட்டிருக்கும். அல்லது விண்டோஸ் 10-க்கு எழுதிய பழைய டிரைவரை அப்படியே தூக்கி வந்திருக்கும். எது நடந்தது என்று தெரிய, டிவைஸ் மேனேஜரில் அந்தக் கருவியின் டிரைவர் பகுதியில் தேதியையும் பதிப்பு எண்ணையும் பாருங்கள். அப்டேட் ஹிஸ்டரியில் டிரைவர்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு. 'ரிலையபிலிட்டி மானிட்டர்' என்று தேடித் திறந்தால் எந்த நாளில் எது நிறுவப்பட்டது என்று நாள் வாரியாகவே காட்டும். திக்கல் தொடங்கிய நாளும் ஒரு டிரைவர் வந்த நாளும் ஒன்றாக இருந்தால் தேடல் பாதி முடிந்தது.

மடிக்கணினி என்றால் அதன் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கான டிரைவர்தான் முதல் தேர்வு. சிப்செட் டிரைவரிலிருந்து தொடங்குங்கள், மற்றவை எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. அங்கே புதியது இல்லையென்றால் கார்டு தயாரித்த நிறுவனத்தின் தளம். புதியது எப்போதும் நல்லது என்று இல்லை. எனக்கு உதவியது இரண்டு பதிப்புகள் முந்தைய டிரைவர்தான். 'ரோல் பேக் டிரைவர்' பொத்தான் உயிரோடு இருந்தால் அதை முதலில் முயலுங்கள். கிராபிக்ஸ் டிரைவருக்கு மட்டும் பழையதை முற்றிலும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவது நல்லது. இதற்கென்றே இருக்கும் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலரை சேஃப் மோடில் ஓட்ட வேண்டும், அதற்கு முன் இணையத்தைத் துண்டித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் துடைத்து முடிப்பதற்குள் அப்டேட் தானாகவே ஒரு டிரைவரைக் கொண்டுவந்து போட்டுவிடும். டிரைவர்களைத் தானாகத் தேடி நிறுவுவதாகச் சொல்லும் மூன்றாம் தரப்பு மென்பொருள்களின் பக்கமே போகாதீர்கள்.

மின்சாரமும் மெமரி இன்டெக்ரிட்டியும்

நீங்கள் முன்பு அமைத்திருந்த மின்சாரத் திட்டம் மேம்படுத்தும்போது 'பேலன்ஸ்டு' என்று திரும்பியிருக்கலாம். 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' ஆக்கிப் பாருங்கள். பழைய கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட், பிசிஐ எக்ஸ்பிரஸின் லிங்க் ஸ்டேட் மின்சேமிப்பு இரண்டையும் ஒவ்வொன்றாக அணைத்து அளங்கள். தூங்கும் கருவியை எழுப்ப ஆகும் நேரம்தான் சில கணினிகளில் திக்கலாகத் தெரிகிறது. கூடவே சிபியு வேகத்தையும் கவனியுங்கள். வேலை நடக்கும்போதும் அது அடிமட்டத்திலேயே கிடந்தால், வெப்பத்தாலோ பொருந்தாத சார்ஜராலோ கட்டுப்படுத்தப்படுகிறது.

'கோர் ஐசொலேஷன்' பகுதியில் மெமரி இன்டெக்ரிட்டி என்று ஒரு பாதுகாப்பு இருக்கிறது. முன்பு இல்லாமல் இப்போது இயங்கிக்கொண்டிருக்கலாம். இன்டெலில் 7-ஆம் தலைமுறைக்கும் ஏஎம்டியில் ஜென் 2-க்கும் முந்தைய சிப்புகளில் இதற்கான வன்பொருள் உதவி இல்லாததால் சுமை கூடும். சோதனைக்காக அணைத்து அளக்கலாம். ஆனால் கெர்னலுக்குள் கள்ளத்தனமான நிரல் நுழையாமல் காப்பது அது. அணைத்தபடியே விட்டுவிடுவது என்பது யோசித்து எடுக்க வேண்டிய முடிவு, இணையத்தில் புழங்கும் கணினி என்றால் நான் செய்ய மாட்டேன். செட்டிங்ஸின் கிராபிக்ஸ் பகுதியில் இருக்கும் 'ஹார்டுவேர் ஆக்சிலரேட்டட் ஜிபியு ஷெட்யூலிங்' என்பதையும் இதேபோல் ஒரு முறை மாற்றிப் பார்க்கலாம், இதில் ஆபத்து ஒன்றும் இல்லை.

ஹார்டு பேஜ்ஃபால்ட் என்று லேட்டன்சிமான் சொன்னால் விஷயம் எளிது. நினைவகத்தில் இருக்க வேண்டியதை டிஸ்க்கிலிருந்து எடுத்து வர நேர்கிறது. எந்த ப்ராசஸ் அதிகம் கேட்கிறது என்று அதிலேயே பெயர் இருக்கும். அதை மூடுங்கள், முடிந்தால் ரேம் கூட்டுங்கள். ரேம் போதாதபோது கைகொடுக்கும் டிஸ்க் கோப்பான பேஜ்ஃபைலை அணைக்காதீர்கள்.

எந்த டிரைவரும் சிக்காதபோது

மொத்தத் தாமதம் 5,000 மைக்ரோ விநாடி என்று காட்டும், ஆனால் டிரைவர் பட்டியலில் ஒன்றுகூட 300-ஐத் தாண்டாது. இப்படி வந்தால் ஓஎஸ்ஸின் கண்ணுக்கே படாத இடத்தில் நேரம் போகிறது. பயாஸ் தனக்கென்று வைத்திருக்கும் எஸ்எம்ஐ என்ற இன்டரப்ட், எல்லா ஓஎஸ்ஸுக்கும் மேலானது. அது வரும்போது ஓஎஸ் முழுவதுமே உறைந்து நின்று, ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி ஓடும். பயாஸ் அப்டேட் செய்வதும், பயாஸ் அமைப்பை அதன் இயல்பு நிலைக்குக் கொண்டுபோவதும்தான் செய்யக்கூடியவை.

இன்னும் ஆழமாகப் போக விரும்புகிறவர்களுக்கு விண்டோஸ் பெர்ஃபார்மன்ஸ் ரெக்கார்டர், அனலைசர் என்று ஒரு ஜோடி, மைக்ரோசாஃப்டே தருவது. திக்கல் வரும் ஒன்றிரண்டு நிமிடம் மட்டும் பதிவு செய்யுங்கள், கோப்பு மளமளவென்று பெருத்துவிடும். அனலைசரில் டிபிசி, ஐஎஸ்ஆர் நேரத்தை மாட்யூல் வாரியாகக் காட்டும் வரைபடத்தைத் திறந்தால், லேட்டன்சிமான் வெறும் 'டபிள்யூடிஎஃப்01000' என்று காட்டிய இடத்தில் அதே கணத்தில் வேறெந்த டிரைவர் விழித்தது என்பதும் தெரியவரும்.

லினக்ஸில் மேம்படுத்திய பிறகு இதே தொல்லை என்றால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. பழைய கெர்னல் இன்னும் இருக்கும். கிரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் வழியாக அதில் எழுப்பிப் பாருங்கள், திக்கல் போய்விட்டால் புது கெர்னலோ அதோடு வந்த டிரைவரோதான் காரணம். போகவில்லை என்றால் மேலே இருக்கும் அடுக்குகளைப் பாருங்கள். ஃபெடோரா 34-உம் உபுண்டு 22.10-உம் ஒலிக்குப் பல்ஸ்ஆடியோவை விட்டு பைப்வயருக்கு மாறின. அந்த எல்லையைத் தாண்டி வந்தவர்கள் பிடபிள்யூ-டாப் கருவியில் பிழைகளை எண்ணும் பத்தி ஏறுகிறதா என்று கவனிக்கலாம். கெர்னல் தாமதத்தை அளக்க சைக்ளிக்டெஸ்ட், பயாஸைச் சந்தேகித்தால் எச்டபிள்யூலாட்டிடெக்ட். நிகழ்நேர வேலைக்கான ப்ரீஎம்ப்ட்-ஆர்டி 2024 நவம்பரில் வந்த 6.12 பதிப்பிலிருந்து முதன்மை கெர்னலிலேயே இருக்கிறது.

செய்யக் கூடாதவை என்று ஒரு வார்த்தை. கடிகார மூலத்தை மாற்றச் சொல்லும் பிசிடிஎடிட் கட்டளைகள், ரெஜிஸ்ட்ரியில் நாற்பது வரி மாற்றும் கோப்புகள், சேவைகளை மொத்தமாக வெட்டித் தள்ளும் ஸ்கிரிப்ட்கள் இவற்றை அளக்காமல் போடாதீர்கள். அவற்றால் பலன் கிடைத்ததாகச் சொல்கிறவர்கள் இருக்கலாம், உங்கள் கோளாறு அவர்களுடையது இல்லை. ஏற்கெனவே போட்டிருந்தால், தேடலைத் தொடங்கும் முன் அவற்றைத் திரும்ப எடுத்துவிடுங்கள்.

தீர்ந்த பிறகு

முதல் நாள் எந்த வேலையை வைத்து அளந்தீர்களோ அதே வேலையை, அதே பஃபர் அளவில், இந்த முறை ஒரு மணி நேரம் ஓட விட்டு அளங்கள். அறிக்கையைப் பழையதன் பக்கத்திலேயே சேமியுங்கள். வேலை செய்த டிரைவரின் நிறுவும் கோப்பை வெளி டிஸ்க்கில் வைத்து, பதிப்பு எண்ணை நோட்டில் எழுதுங்கள். அப்டேட் அதை மேலெழுதாமல் இருக்க, 'டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ்' என்று தேடித் திறந்து 'நோ' கொடுக்கலாம். அதையும் மீறிச் சில சமயம் வரும், அப்போது அந்த நோட்டு உதவும்.

கடைசியாக, சோதனைக்காக அணைத்தவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப இயக்குங்கள்: எம்எஸ்கான்ஃபிக்கில் நிறுத்திய சேவைகள், மெமரி இன்டெக்ரிட்டி, புளூடூத், பேட்டரி. ஒவ்வொன்றுக்குப் பிறகும் ரீஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் அளங்கள். என் நோட்டில் அந்தப் பக்கத்தில் நான்கு டிக் குறிகள் இருக்கின்றன. நான்காவதைப் போட்ட பிறகுதான் 'விண்டோஸ்.ஓல்டு' ஃபோல்டரை அழித்தேன்.